எடின்பரோவுக்கு இரண்டு கிலோ மிளகாய்த்தூள்

1

பனிக்குள் இருக்கிறவன் காசையும் லீவையும் செலவழித்து இன்னொரு பனிக்குள் போவானா? நீங்களே சொல்லுங்கள். டிசம்பர் வந்தால் மொன்றியலில் வசதியுள்ளவன் கியூபாவுக்குப் போவான். பக்தியுள்ளவன் திருப்பதிக்குப் போவான். இரண்டும் குறைந்தவன் ரொறன்ரோவில் மச்சான் வீட்டுக்குப் போய் மூன்று நாள் சாப்பிட்டுவிட்டு வருவான். முப்பத்திரண்டு வருடமாக நான் அந்த மூன்றாவது வகை. அதனால் ஒக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மகள் சாம்பவி சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, "அப்பா, உங்கட முப்பதாவது கலியாண நாளுக்கு டிசம்பரில நாங்கள் மூண்டு பேரும் எடின்பரோ போறம்" என்றபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. சந்தேகம்தான் வந்தது.

"அது எங்க கிடக்கு?"

"ஸ்கொட்லாண்டில."

"அங்க எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. பெரிய கோட்டை இருக்கு."

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். நாங்கள் கோட்டை பார்க்கப் போகிற ஆட்கள் இல்லை. ஆட்களைப் பார்க்கத்தான் போவோம். பாரிசுக்குப் போனோம், கோபுரத்தைக் காரின் கண்ணாடியால் பார்த்தோம், மற்ற ஒன்பது நாளும் பவானியின் அக்கா வீட்டு ஹோலில் இருந்தோம். சொந்தக்காரர் இருக்கிற நகரத்தில் ஹோட்டல் எடுத்தால் அது சண்டைக்கு அறிகுறி. சொந்தக்காரர் இல்லாத நகரத்துக்குப் போனால் அது புத்திக்கோளாறுக்கு அறிகுறி. இந்த வயதில் எங்கள் வீட்டில் யாருக்குப் புத்திக்கோளாறு வந்தது என்று நான் யோசிக்கத் தொடங்கினேன்.

போதாததற்கு லண்டனில் விமானம் மாறவேண்டுமாம். லண்டனில் என் சித்தப்பா மகன் ரவி இருக்கிறான். அவன் வீட்டுத் தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் விமான நிலையத்துக்குள்ளேயே ஓடி மாறிப் போவதா? அவனுக்குத் தெரிந்தால் சாகும்வரை சொல்லிக் காட்டுவான்.

2

என் மனைவி பவானி குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறாள். பிரெஞ்சு பேசுகிற இந்த ஊரில் கார்டெரி என்று சொல்லுவார்கள். காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது குளிரைத் திட்டுவாள், பின்னேரம் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது என்னைத் திட்டுவாள், ஏதோ கனடாவை நான்தான் கட்டியது போல. அப்படிப்பட்டவள் எடின்பரோ என்றதும், "நல்லதுதானே, பிள்ளை ஆசைப்படுறாள்" என்று சொல்லிவிட்டுக் கறியைக் கிண்டினாள். முப்பது வருடத்தில் நான் சொன்ன எதற்கும், பிள்ளை சொன்ன எதற்கும், கோயில் ஐயர் சொன்னதற்குக்கூட அவள் முதல் தரத்திலேயே தலையாட்டியதில்லை.

சாம்பவிக்கு இருபத்தேழு வயது. கட்டடம் வரைகிற ஒரு கந்தோரில் வேலை. சிநேகிதர்களோடு பிரெஞ்சு, கந்தோரில் ஆங்கிலம், எங்களோடு தமிழ், கோபம் வந்தால் மறுபடியும் பிரெஞ்சு. அவள் பயணத்துக்குத் திட்டம் போடுகிற விதத்தை நான் பக்கத்திலிருந்து கவனித்தேன். கோட்டை ஒரு நாள், பாறைமேல் ஏறுவது ஒரு நாள், கல்வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் பழைய ஒழுங்கைகள் ஒரு நாள், நத்தார்ச் சந்தை ஒரு நாள். நாலு மணிக்கு முன்னமே இருட்டிவிடுமாம், அதனால் விடிய வெளிக்கிட வேண்டுமாம். எல்லாம் சரி. ஆனால் அவள் தேத்தண்ணி எடுக்க எழும்பிப் போன நேரம் கணினித் திரையில் வேறொரு பக்கம் கிடந்தது. அந்த ஊர் பஸ்ஸுக்கு மாதச் சீட்டு எப்படி எடுப்பது என்று. நாலு நாள் நிற்கப் போகிறவளுக்கு மாதச் சீட்டு எதற்கு?

நேரே கேட்டால் என்ன என்று நினைப்பீர்கள். எங்கள் பக்கத்தில், வெளிக்கிடுகிற ஆளைப் பார்த்து "எங்கே போகிறாய்" என்று கேட்கக்கூடாது. போகிற காரியம் சரிவராது என்பார்கள். "தூரமே?" என்று கேட்போம். விருப்பம் இருந்தால் சொல்லுவார்கள், இல்லாவிட்டால் "ஓம், கொஞ்சம் தூரம்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதிப்பார்கள். எங்கே போகிறாய் என்று நேரே கேட்டவர்கள் சோதனைச் சாவடியில் துவக்கோடு நின்றவர்கள் மட்டும்தான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லித்தான் எங்கள் தலைமுறை எந்தக் கேள்விக்குப் பின்னாலும் என்ன இருக்கிறது என்று பார்க்கப் பழகியது. இந்தச் சந்தேகப் புத்தி எனக்குச் சும்மா வரவில்லை.

அதனால் நான் முறைப்படி கேட்டேன். "தூரமே, பிள்ளை?"

"பதினொரு மணித்தியாலம் அப்பா, லண்டனில நிக்கிற நேரத்தையும் சேர்த்து" என்றாள்.

3

நவம்பர் இரண்டாவது சனி. காருக்குப் பனிக்கால ரயர் மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன், எங்கள் கட்டடத்தின் கீழ்ப் படியிலேயே மூக்கு எரிந்தது. மூன்றாம் மாடிக்கு வந்தால், எதிர்வீட்டு மனுஷி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருமுகிறா. எங்கள் வீட்டுக்குள் புகை எச்சரிக்கை மணி அலறுகிறது. பவானி மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு செத்தல் மிளகாய் வறுக்கிறாள்.

கார்ட்டியர்வில்லில் எங்கள் கட்டடத்தில் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் தூள் வறுப்பது கோடையில்தான். பல்கனியில் மின்னடுப்பை வைத்து, ஒரே மூச்சில் வருடத்துக்குத் தேவையானதை வறுத்து முடிப்பார்கள். பவானியும் ஜூலையில் வறுத்தாகிவிட்டது. அந்தத் தூள் இன்னும் போத்தல் கழுத்துமட்டும் நிற்கிறது.

"இஞ்சேர், இப்ப என்னத்துக்குத் தூள்?"

"முடிஞ்சுபோச்சு."

"போத்தல் நிறைஞ்சு கிடக்கு."

"அது பழசு. நீங்கள் போய்ப் பல்கனிக் கதவைத் திறவுங்கோ, சும்மா நிண்டு விசாரணை வைக்காமல்."

கதவைத் திறந்துவிட்டு வெளியே பனியில் நின்றபடி கணக்குப் பார்த்தேன். பயணம் போகும்போது தூள் கொண்டுபோவதற்கு எங்களிடம் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. தெரிந்த ஆளுக்கு ஒரு சின்னப் பை. சிநேகிதிக்கு அரைக் கிலோ. கூடப்பிறந்தவர்களுக்கு ஒரு கிலோ. இரண்டு கிலோவென்றால் அது குடும்பத்துக்குள் குடும்பம். பின்னேரம் அவள் குளிக்கப் போனதும் பயணப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு கிலோவாக இரண்டு பை, மூன்று சுற்றுப் பொலித்தீன், மேலே ரேப், அதற்கும் மேலே என்னுடைய பழைய கம்பளிச் சால்வையால் ஒரு சுற்று.

கோட்டைக்கு யாராவது மிளகாய்த்தூள் கொண்டு போவார்களா? அங்கே ஒரு சமையலறை இருக்கிறது. அந்தச் சமையலறையில் எங்களுக்கு வேண்டிய ஒரு ஆள் இருக்கிறது. ஒருவரும் இல்லை என்று சொன்னது பச்சைப் பொய்.

அன்றைக்கே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். மாப்பிள்ளை. பிள்ளை ஆரையோ பார்த்து வைத்திருக்கிறாள், தாய்க்குச் சொல்லியாயிற்று, தாய் சம்பந்தி வீட்டுக்குத் தூள் வறுக்கிறாள், என்னைக் கோட்டை காட்டுகிறோம் என்று கூட்டிக்கொண்டு போய் அங்கே ஒரு கதிரையில் இருத்தி, இவர்தான் பொடியனின் அப்பா என்று கையைப் பிடித்துக் கொடுக்கப் போகிறார்கள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. பொடியனை நான் வேண்டாம் என்று சொல்லப் போகிறேனா? கடைசி ஆளாக எனக்குச் சொல்லுகிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை.

4

லண்டன் ரவிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"எடின்பரோவில எங்கட ஆக்கள் இருக்கினமோ எண்டு ஒருக்கா விசாரிச்சுச் சொல்லு."

"ஏன் அண்ணை, என்ன விசயம்?"

"ஒண்டுமில்லை. சும்மா."

"சும்மா எண்டா வில்லங்கம் இருக்கு" என்றான் ரவி. நாங்கள் ஒரே இரத்தம்.

இரண்டு நாளில் அறிக்கை வந்தது. விசாரிப்பதில் எங்கள் சனத்தை அடிக்க ஆள் இல்லை. அந்த நகரத்தில் பரவிக் கிடக்கிற குடும்பங்களில் ஒன்று எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர். கணவன் டொக்டர், மனைவியும் வேலை, சொந்தமாகப் பெரிய கல்வீடு. "ஒரு பொடியன் இருக்காம் அண்ணை" என்று ரவி குரலைத் தாழ்த்தினான். நம்பரும் தந்தான்.

சனிக்கிழமை காலை பவானி கடைக்குப் போன நேரம் பார்த்து எடுத்தேன். கலியாண விசயத்தை எப்போதும் கலியாணத்தில் தொடங்கக்கூடாது. ஊரில் தொடங்கி, பள்ளிக்கூடத்துக்குப் போய், குளிர் எப்படி என்று கேட்டு, மெதுவாக வளைத்துக்கொண்டு வரவேண்டும். டொக்டர் நல்ல மனுஷன், எல்லாவற்றுக்கும் ஆறுதலாகப் பதில் சொன்னார்.

"பிள்ளையள் எத்தனை, டொக்டர்?"

"ஒரு மகன்தான்."

"என்ன செய்யிறார்?"

"இப்ப வெளியில பந்தடிக்கிறார்."

"இல்லை, வேலை என்ன எண்டு..."

"அண்ணை, அவருக்குப் பதினொரு வயசு."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். பிறகு டொக்டர், "மொன்றியல் எண்டனீங்கள்... நீங்கள் சாம்பவியின்ர அப்பாவே?" என்று கேட்டார்.

"ஓம்."

"அட, அதை முதலே சொல்லியிருக்கலாமே! எங்கட மிஸிஸும் உங்கட மிஸிஸும் ஒரே பள்ளிக்கூடம். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம் அண்ணை. மேல் அறை நல்ல வெளிச்சம், கந்தோருக்கு ஒரு பஸ். ரெண்டு வருசமும் எங்கட பிள்ளை மாதிரிப் பாத்துக்கொள்ளுவம்."

"ரெண்டு வருசம்" என்று நான் திருப்பிச் சொன்னேன்.

"ஓம், பழைய கல்வீடு திருத்திற வேலையெண்டு சொன்னவா. ஜனவரியில தொடங்குதாம். நல்ல வேலை, அந்த விசயத்துக்கு இதைவிட நல்ல ஊர் கிடைக்காது." இவ்வளவும் சொன்னபிறகுதான் மனுஷனுக்குப் பொறி தட்டியது. குரல் இறங்கிவிட்டது. "அண்ணை... உங்களுக்குச் சொல்லியாச்சுத்தானே? இல்லை, உங்களுக்கு நெஞ்சு வருத்தம், இஞ்ச வந்தாப்பிறகு ஆறுதலாச் சொல்லுவம் எண்டு சாம்பவியின்ர அம்மா சொல்லியிருந்தவா. ஐயோ, நான் பிழை விட்டிட்டனே."

"எனக்கு எல்லாம் தெரியும் டொக்டர்" என்றேன். "நான் சும்மா குளிர் எப்பிடி எண்டு கேட்கத்தான் எடுத்தனான்."

5

எனக்கு நெஞ்சு வருத்தம் இல்லை.

இதை எழுதக் கை கூசுகிறது. மூன்று வருடத்துக்கு முன் சாம்பவிக்கு வன்கூவரில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. இதே வேலைக்கான படிப்பு, பழைய கட்டடங்களை இடிக்காமல் காப்பாற்றுவது. வருகிறேன் என்று எழுதவேண்டிய கடைசி நாள் காலை நான் ஹோலில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்தேன். எங்கள் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் பின்னேரம் வரை வயர்களைப் பொருத்தி, இரத்தம் எடுத்து, படம் எடுத்துப் பார்த்தார்கள். சாம்பவி என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று டொக்டரின் பிரெஞ்சை எனக்குத் தமிழில் சொன்னாள், ஏழு வயதிலிருந்து எல்லா அலுவலகத்திலும் செய்தது போலவே.

கடைசியில் அந்த இளம் டொக்டர் அவளிடம் சொன்னது இதுதான்: நெஞ்சில் ஒன்றும் இல்லை, எல்லாம் சுத்தம், வீட்டில் இன்றைக்கு ஏதும் பிரச்சினையா என்று உன் அப்பாவிடம் கேட்டுப்பார். சாம்பவி கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தமிழில் சொன்னாள். "பயப்படத் தேவையில்லையாம் அப்பா. களைச்சுப் போனியளாம். ஓய்வு எடுக்கட்டாம்."

மொன்றியல் ஓரத்தில், புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் எனக்கு இருபத்தாறு வருட வேலை. அங்கே வாயைத் திறந்தால் வேலை கூடும் என்று ஆமுக்கு 'வுய்', நன்றிக்கு 'மெர்சி' தவிர நான் எதுவும் பேசுவதில்லை. பவானியும் பிள்ளையும் எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்றே நம்பினார்கள். பேசத்தான் வராது. கேட்டால் முழுவதும் விளங்கும்.

அன்று டொக்டர் சொன்னதும் விளங்கியது. பிள்ளை என்னைக் காப்பாற்ற மாற்றிச் சொன்னதும் விளங்கியது. நான், "ஓய்வோ, சரி சரி" என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் அங்கேயே நின்று போனில் வன்கூவருக்கு வரவில்லை என்று எழுதினாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒருவரும் எனக்கு எதையும் நேரே சொல்லவில்லை. சந்தேகப்படுகிறவன் நான் என்று இத்தனை நாளும் பெருமையாக இருந்தேனே, மூன்று வருடமாக அந்த வீட்டில் சந்தேகத்துக்குரிய ஆள் நான்தான்.

6

ஞாயிறு பின்னேரம் பவானி கோயிலுக்குப் போயிருந்தாள். சாம்பவி மேசையில் கணினியோடு இருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"ரெண்டு வருசம் கனக்கத்தான் பிள்ளை" என்றேன்.

அவள் கை அப்படியே நின்றது. "அம்மா சொன்னவாவோ?"

"இல்லை. எடின்பரோ டொக்டர்."

தூள் தொடங்கிப் பதினொரு வயது மாப்பிள்ளை வரை நடந்ததைச் சொன்னேன். அவளுக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது. மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். பிறகு நிமிர்ந்து, "கோவிக்காதையுங்கோ அப்பா. ஊரையும் அறையையும் காட்டிப்போட்டுச் சொல்லுவம் எண்டுதான் இருந்தனாங்கள். நீங்கள் இஞ்ச வைச்சுக் கேட்டா..." என்று இழுத்தாள்.

"நெஞ்சைப் பிடிப்பன் எண்டு. அங்க ஹோட்டலுக்குப் பக்கத்தில ஆஸ்பத்திரி இருக்கோ எண்டும் பாத்திருப்பாய்."

"பாத்தனான்" என்றாள்.

செருப்பால் அடித்திருந்தாலும் அவ்வளவு நொந்திருக்காது.

"அண்டைக்கு அந்த டொக்டர் பிரெஞ்சில சொன்னது எனக்கு விளங்கினது" என்றேன்.

"எவ்வளவு?"

"முழுக்க."

அவள் முகம் மாறியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "நான் நினைச்சன் நீங்கள் பயத்தில உண்மையா நொந்ததெண்டு நம்புறியள் எண்டு. டொக்டர் சொன்னதைச் சொன்னா உங்களுக்கு வெக்கமாப் போயிடும் எண்டு... அதுக்காகத்தான் மாத்திச் சொன்னனான்."

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டு மூண்டு வருசம் பேசாமல் இருந்தனீங்களோ?"

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் பிரெஞ்சு. வன்கூவர், அவளோடு படித்தவர்கள் எல்லாம் போனது, ஒவ்வொரு முறை நான் மாடிப்படி ஏறும்போதும் அவள் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது, எல்லாம் கொட்டினாள். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். விளங்குகிறது, சொல்லு என்று தலையாட்டினேன். கடைசிவரை சொன்னாள்.

"நொந்தது நெஞ்சில்லை" என்றேன். "நீ போயிட்டா இந்த வீட்டில நானும் கொம்மாவும் என்னத்தைக் கதைக்கிறது எண்டு பயம். அதைச் சொல்ல வாய் வரேல்ல. நெஞ்சு எண்டா எல்லாரும் ஓடி வருவினம், பயம் எண்டா ஆர் வருவினம்? உன்ர வன்கூவரைப் பறிச்சது நான்தான். மன்னிச்சுக்கொள் பிள்ளை."

பரவாயில்லை அப்பா என்று அவள் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. எழும்பிப் போய் ஜன்னலடியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கீழே பனி அள்ளுகிற வண்டி பின்னுக்குப் போகிற சத்தம் கேட்டது. அது போய் முடிந்தபிறகுதான் திரும்பினாள்.

"இந்த முறை என்ன செய்யப் போறியள்?"

"வாறன். உன்னைக் கொண்டுபோய் விட்டிட்டு வாறன்."

அவள் என்னை நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. வந்து உட்கார்ந்து, "அப்ப உங்கட பாஸ்போட்டைக் கொண்டுவாங்கோ" என்றாள். பிரித்தானியாவுக்குப் போக இப்போது கனடாக்காரருக்கும் போனிலேயே முன்னனுமதி எடுக்கவேண்டுமாம். அவளும் தாயும் எப்போதோ எடுத்துவிட்டார்கள். என்னுடையதை மட்டும் எடுக்காமல் வைத்திருந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

பெயர், பிறந்த நாள், பிறந்த இடம் எல்லாம் தட்டினாள். கடைசியில் முகத்தைப் படம் எடுக்கவேண்டும். என்னைச் சுவரோடு சேர்த்து இருத்தினாள்.

"நேர பாருங்கோ. சிரிக்கக் கூடாது. முகத்தில ஒண்டும் காட்டக் கூடாது."

முதல் படத்தை அது ஏற்கவில்லை. இரண்டாவதையும் ஏற்கவில்லை. மூன்றாவதற்கு அவள் தன் சட்டைக் கையால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள், அதையும் ஏற்கவில்லை. நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, களஞ்சியத்தில் முதலாளி கத்தும்போது வைத்திருக்கிற முகத்தை வைத்தேன். நாலாவதை அது எடுத்துக்கொண்டது.

"சரி, முடிஞ்சுது" என்று போனைக் கீழே வைத்தாள் சாம்பவி. "இனி நீங்கள் அழலாம் அப்பா."